தன் அதிகாரத்தைக் குறைக்கும் வாக்கு: ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் பதிவை வாசிக்கும் முறை

அமெரிக்காவில் தேர்தல் காலத்தில் வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகள் பெரும்பாலும் ஒரே செய்தியையே சொல்கின்றன: இந்த உறுப்பினர் ஊழலை எதிர்த்தார், வெளிப்படைத்தன்மைக்காகப் போராடினார், மாநிலத் தலைநகரின் பழைய வழக்கங்களை மாற்ற முனைந்தார். அதிபர் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நம்மில் பலர், மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவரின் பெயரை வாக்குச்சீட்டில்தான் முதன்முறையாகப் பார்க்கிறோம். ஆனால் தொகுதி எல்லைகளை எப்படி வரைவது, தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பு எவ்வளவு, எந்த அரசு ஆவணத்தைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம், பரப்புரையாளர்கள் (சட்டங்களைத் தங்களுக்குச் சாதகமாக்க உறுப்பினர்களை அணுகும் லாபியிஸ்டுகள்) உறுப்பினர்களுக்கு என்னென்ன கொடுக்கலாம் என்பவற்றையெல்லாம் பெருமளவில் தீர்மானிப்பவர்கள் இவர்கள்தாம். ஆகவே அந்தத் துண்டறிக்கை சொல்வது உண்மையா என்று அவருடைய வாக்குப் பதிவை வைத்துச் சரிபார்ப்பதை நான் ஒரு கடமையாகவே கருதுகிறேன். அதை எப்படிச் செய்வது என்று நான் உணர்ந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதியதாக இருப்பதில் வியப்பில்லை. அங்கே மசோதாக்களில் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுகின்றன. கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம் என்பதால், உறுப்பினரின் வாக்கு என்று தனியாக ஒன்று ஏறக்குறைய இல்லை. கட்சியின் வாக்குதான் இருக்கிறது. இங்கே நிலைமை வேறு. கட்சியை மீறி வாக்களிப்பவர் தலைமையின் கோபத்துக்கு ஆளாகலாமே தவிரப் பதவியை இழப்பதில்லை. யார் எப்படி வாக்களித்தார் என்பதும் பெயர்வாரியாகப் பதிவாகிறது. டெக்சாஸ் மாநிலம், மசோதாக்களின் இறுதி வாக்கெடுப்பு பெயர்வாரியாகப் பதிவாக வேண்டும் என்பதை 2007இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன் அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. எனினும் பதிவு இருக்கிறது என்பதாலேயே அது உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்பிவிட முடியாது.

பள்ளிக்கூட நிதியோ சாலைப் பணியோ வாக்கெடுப்புக்கு வரும்போது உறுப்பினர் மற்றவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிறார். அரசுச் சீர்திருத்தம் என்று வரும்போது அவர் தன்னைப் பற்றியே முடிவெடுக்கிறார்: தன் சம்பளம், தன் தொகுதியின் எல்லை, தனக்கு வரும் நன்கொடை, தன் மின்னஞ்சல்களைப் பிறர் பார்க்கலாமா என்பது. எனவே இந்தத் துறையில் ஒரு வாக்கை எடைபோட நான் கேட்கும் முதற்கேள்வி, அது ஆதரவா எதிர்ப்பா என்பதன்று. அந்த வாக்கினால் அவர் எதையாவது இழக்க நேர்ந்ததா என்பதுதான். இழப்பு ஏதுமில்லாத நாளில் அளிக்கப்பட்ட சீர்திருத்த வாக்குகள் எத்தனை இருந்தாலும் நான் அவற்றுக்கு மிகக் குறைந்த எடையே தருகிறேன்.

இதற்குப் பென்சில்வேனியாவைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2005 ஜூலை 7ஆம் நாள், அதிகாலை இரண்டு மணியளவில், பொது விசாரணையும் விவாதமும் இல்லாமல், அம்மாநிலச் சட்டமன்றம் தன் உறுப்பினர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் பெரிய சம்பள உயர்வை நிறைவேற்றியது. சாதாரண உறுப்பினர்களுக்கே உயர்வு 16 சதவீதத்திலிருந்து தொடங்கியது; தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அதைவிட மிகுதி. ஒரு பதவிக்காலத்தில் வாக்களித்துப் பெற்ற சம்பள உயர்வை அதே பதவிக்காலத்தில் வாங்கக் கூடாது என்று அம்மாநில அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்தத் தடையைத் தாண்ட, ரசீது காட்டத் தேவையில்லாத செலவுத்தொகை என்ற பெயரில் பணத்தை உடனடியாகப் பெற்றுக்கொள்ளும் வழியையும் அதே சட்டம் வகுத்துக் கொடுத்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நவம்பரில், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ரஸல் நைக்ரோ பதவியில் நீடிப்பதா என்ற வாக்கெடுப்பில் தோற்றார். அம்மாநில வரலாற்றில் அதற்கு முன் உச்ச நீதிமன்ற நீதிபதி எவரும் அப்படித் தோற்றதில்லை. அதற்குப் பிறகு சில நாட்களிலேயே சட்டமன்றம் சம்பள உயர்வை ரத்து செய்தது. கீழவையில் ரத்துக்கு ஆதரவாக 197 பேரும் எதிராக ஒரே ஒருவரும் வாக்களித்தார்கள். அந்த ஒருவர், சிறுபான்மைக் கட்சியின் கொறடாவாக இருந்த மைக் வியோன்.

ரத்து வாக்கெடுப்பை மட்டும் பார்த்தால் அந்த அவையில் ஒருவரைத் தவிர அனைவருமே சீர்திருத்தவாதிகள் என்றாகிவிடும். உண்மையில் அந்த வாக்கு உறுப்பினர்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நவம்பர் மாதத்து மக்களின் கோபத்தைப் பற்றித்தான் சொல்கிறது. பென்சில்வேனிய உறுப்பினர் ஒருவரின் பதிவை நான் எடுத்துப் பார்த்தால் ஜூலை மாத வாக்கைத்தான் முதலில் தேடுவேன். அதற்கு அடுத்து, அந்தப் பணத்தை அவர் வாங்கிக்கொண்டாரா என்று தேடுவேன். ஏனெனில் எதிர்த்து வாக்களித்துவிட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். உயர்வு நிறைவேறப் போதுமான ஆதரவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதிர்த்து வாக்களிப்பது எளிது. அவருடைய உண்மையான நிலைப்பாடு வாக்குப் பதிவில் அல்ல, மாநிலக் கருவூலத்தின் கணக்கில்தான் கிடைக்கும். 2006ஆம் ஆண்டு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் மேலவையின் இரு பெருந்தலைவர்களான ராபர்ட் ஜூபெலிரரும் டேவிட் பிரைட்பில்லும் தோற்றதும், அந்த ஆண்டு இறுதியில் வியோனும் தோற்றதும், வாக்காளர்கள் இதையெல்லாம் கவனித்திருந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன.

அடுத்து, மசோதாவின் பெயர். தலைப்பைப் பார்த்து வாக்கை எடைபோடுவதே இத்துறையில் மிக எளிதாக நேரும் பிழை. நியூ ஜெர்சியில் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் தேர்தல் வெளிப்படைத்தன்மைச் சட்டம். வேட்பாளரைச் சாராமல் தனியாகச் செலவு செய்யும் அமைப்புகள் தங்கள் பெரிய நன்கொடையாளர்களை வெளியிட வேண்டும் என்ற பயனுள்ள விதி அதில் உண்மையாகவே இருந்தது. ஆனால் அதே சட்டம், ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் அளிக்கக்கூடிய தொகையை 2,600 டாலரிலிருந்து 5,200 டாலராக இரட்டிப்பாக்கியது. தேர்தல் நிதி மீறல்கள் மீது நடவடிக்கை எடுப்பதற்கான கால வரம்பைப் பத்து ஆண்டுகளிலிருந்து இரண்டு ஆண்டுகளாகச் சுருக்கியது. விசாரணைகள் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை அறிந்த எவருக்கும் இரண்டாண்டு என்பதன் பொருள் புரியும். இதற்கு ஆதரவாக வாக்களித்த உறுப்பினர் தன் துண்டறிக்கையில் வெளிப்படைத்தன்மைக்கு வாக்களித்ததாக எழுதிக்கொள்ளலாம். அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காது. முழு உண்மை மட்டும் அதில் இருக்காது.

மிசௌரியின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே 2018இல் மக்களே முன்மொழிந்த அரசமைப்புத் திருத்தம் ஒன்று ஏறத்தாழ 62 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. சட்டமன்றத் தொகுதிகளை வரையும் பொறுப்பைக் கட்சி சார்பற்ற மக்கள்தொகை வல்லுநர் ஒருவரிடம் அது ஒப்படைத்தது. பரப்புரையாளர்கள் தரும் பரிசுகளுக்கு ஐந்து டாலர் வரம்பும் விதித்தது. அந்த வரைபட முறை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 2020இல் சட்டமன்றம் மற்றொரு திருத்தத்தை மக்கள் முன் வைத்தது. அதில் ஐந்து டாலர் பரிசு வரம்பு முழுத் தடையாக மாற்றப்பட்டிருந்தது. மேலவை வேட்பாளருக்கான நன்கொடை வரம்பு 2,500 டாலரிலிருந்து 2,400 டாலராகக் குறைக்கப்பட்டிருந்தது. இவற்றோடு சேர்த்து, தொகுதி வரையும் பொறுப்பு அந்த வல்லுநரிடமிருந்து பறிக்கப்பட்டு மீண்டும் கட்சிகளின் வழியே அமையும் குழுக்களிடம் கொடுக்கப்பட்டது. சட்டமன்றம் எழுதிய சுருக்க வாசகம் நியாயமாக இல்லை என்று நீதிமன்றம் தலையிட்டு அதை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் சுமார் 51 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

அந்தத் தீர்மானத்தை மக்கள் முன் வைக்கலாம் என்று 2020இல் வாக்களித்த உறுப்பினருக்கு மதிப்பெண் எப்படித் தருவது? பரிசுகளுக்குத் தடை, நன்கொடைக்குக் குறைந்த வரம்பு என்று மேலோட்டமாகப் பட்டியலிட்டால் இரண்டு சீர்திருத்தங்கள் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் நூறு டாலர் வேறுபாட்டை விட்டுக்கொடுத்துவிட்டுத் தன் தொகுதியின் எல்லைமீது கட்சிக்குரிய பிடியை மீட்டுக்கொண்டவர் எதையும் இழக்கவில்லை. நான் இதைச் சீர்திருத்தத்துக்கு எதிரான வாக்காகவே பதிவு செய்வேன். இப்படிப்பட்ட கலவை மசோதாக்களில், ஒவ்வோர் அம்சமும் உறுப்பினரின் அதிகாரத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று தனித்தனியே பார்த்து, அவற்றில் மிகப் பெரியது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்வதே நியாயமான முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான நெருக்கடியும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் உறுப்பினர்களுக்கு அநீதி செய்தவனாவேன். வட கரோலினாவில் 2023ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்ட மசோதாவுக்குள், சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் ஆவணங்களில் எதை வெளியிடுவது, எதைப் பாதுகாப்பது, எதை அழிப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்ற விதி சேர்க்கப்பட்டது. தகவல் பெறும் உரிமைக்கு இது பெரிய அடி. ஆனால் அதே மசோதா நிறைவேறினால்தான் அம்மாநிலத்தில் லட்சக்கணக்கான ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு விரிவாக்கப்படும் என்ற நிபந்தனையும் இருந்தது. காப்பீட்டுக்காக ஆதரித்து வாக்களித்தவரை ஆவண மறைப்புக்கு ஆதரவாளர் என்று முத்திரை குத்துவது நேர்மையாகாது. இங்கே நான் வேறு இடத்தில் தேடுகிறேன்: அந்த விதியைத் தனியாக நீக்க ஒரு திருத்தம் முன்மொழிந்தாரா, அடுத்த கூட்டத்தொடரில் அதை மாற்றும் மசோதாவில் பெயர் சேர்த்துக்கொண்டாரா, குறைந்தபட்சம் அவையில் எழுந்து எதிர்ப்பைப் பதிவு செய்தாரா? நெருக்கடியில் கை கட்டப்பட்டிருந்தவர் பிறகு என்ன செய்தார் என்பதில் அவருடைய மனம் தெரிகிறது.

இறுதி வாக்கெடுப்புக்கே வராத மசோதாக்கள்தாம் இத்துறையில் பெரும்பான்மை. வாக்குப் பதிவை நம்பும் எவரும் தடுமாறும் இடமும் அதுதான். கலிபோர்னியாவில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு பிடிக்கும் மசோதாக்கள் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் நிறுத்திவைப்புப் பட்டியலுக்குச் செல்கின்றன. ஆண்டுக்கு இரு முறை, நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதி ஒரே அமர்வில் விரைவாக வாசிக்கப்படுகிறது. நிறுத்தப்பட்டவை ஏன் நிறுத்தப்பட்டன என்று விளக்கம் தர வேண்டியதில்லை, அவற்றைக் கைவிட்டவர் யார் என்றும் பெயர்வாரியாகத் தெரிவதில்லை. தன் தலைமைக்குப் பிடிக்காத சீர்திருத்தத்தை எதிர்த்து வாக்களித்த கறை எந்த உறுப்பினர் மீதும் படியாமலே அது முடிந்துபோகிறது. ஆகவே குழுவின் தலைவராகவோ உறுப்பினராகவோ இருந்தவரின் பதிவைப் பார்க்கும்போது, அவர் எதற்கு வாக்களித்தார் என்பதோடு, அவர் அமர்ந்திருந்த குழுவில் எவை வெளியே வராமல் போயின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இன்னொரு மறைவிடமும் இருக்கிறது. கீழவையின் 80 உறுப்பினர்களில் 41 பேர் ஆதரித்தால்தான் சாதாரண மசோதா ஒன்று நிறைவேறும். அன்று எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்பது கணக்கில்லை. எனவே வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் விளைவில் ஒன்றே. ஆனால் பதிவில் அது வாக்கு இல்லை என்று மட்டுமே நிற்கும். நோயுற்று வீட்டில் இருந்தவரும், அவையிலேயே அமர்ந்து பொத்தானைத் தொடாதவரும் ஒரே பட்டியலில் வருவார்கள். இல்லினாயில் ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் அப்பால் ‘அவையில் உள்ளேன்’ என்று வாக்களிக்கும் மூன்றாவது வழி இருக்கிறது. விளைவில் அதுவும் எதிர்ப்புதான். பராக் ஒபாமா மாநில மேலவையில் இருந்த காலத்தில் சுமார் 130 முறை அப்படி வாக்களித்தது 2008ஆம் ஆண்டின் அதிபர் தேர்தலில் பெரும் விவாதமானது. ஆயிரக்கணக்கான வாக்குகளில் அது சிறு பகுதி என்றும், சட்டச் சிக்கல் உள்ள மசோதாக்களில் அது ஏற்கப்பட்ட வழிமுறை என்றும் அவர் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை, எண்ணிக்கை முக்கியமில்லை; அந்த வாக்குகள் எந்தப் பொருளில் குவிந்திருக்கின்றன என்பதே முக்கியம். ஒருவர் பல துறைகளிலும் தெளிவாக வாக்களித்துவிட்டு, நன்கொடை வரம்பும் நன்னடத்தை விதிகளும் வரும்போது மட்டும் திரும்பத் திரும்ப மௌனம் காத்தால், அந்த மௌனத்தையே நான் அவருடைய நிலைப்பாடாக எடுத்துக்கொள்வேன்.

வராமலிருப்பதையே ஆயுதமாகப் பயன்படுத்துவது வேறு வகை. ஓரிகனில் மூன்றில் இரு பங்கினர் இல்லாமல் அவை கூட முடியாது என்பதால், சிறுபான்மைக் கட்சியினர் பல முறை வெளியேறி அவையை முடக்கினார்கள். பத்து முறை அனுமதியின்றி வராதவர் அடுத்த பதவிக்காலத்தில் இருக்கக் கூடாது என்று 2022இல் மக்கள் தீர்ப்பளித்தார்கள்; 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் அதன்படி உறுப்பினர்கள் மறுபடி போட்டியிடத் தடை விதிக்கப்பட்டதை உறுதி செய்தது.

நான் எல்லாவற்றிலும் அதிக எடை தரும் வாக்கு, செய்திகளில் ஏறக்குறைய இடம்பெறாத ஒன்று: கூட்டத்தொடரின் முதல் நாளிலோ முதல் வாரங்களிலோ நடக்கும் அவைத் தலைவர் தேர்வும் அவை விதிகளுக்கான வாக்கெடுப்பும். அமெரிக்க மாநிலங்களின் அவைத் தலைவர் நடுநிலையாளர் அல்லர்; எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது விவாதத்துக்கு வரும், எந்த உறுப்பினருக்கு எந்தப் பொறுப்பு என்பவை பெருமளவில் அவர் கையில் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் கீழவையில், அவைத் தலைவர்கள் அடுத்தடுத்து வழக்குகளில் சிக்கிய பின்னணியில், தலைவர் பதவிக்கு எட்டாண்டு வரம்பு 2009இல் கொண்டுவரப்பட்டது. அந்த வரம்பின்படி ராபர்ட் டிலியோ விலக வேண்டிய காலம் நெருங்கியபோது, 2015 ஜனவரியில் அவை அந்த விதியையே நீக்கிவிட்டது. வரம்பை உருவாக்க வாக்களித்து, ஆறாண்டுகளுக்குப் பின் அதை நீக்கவும் வாக்களித்த உறுப்பினரைப் பற்றி அறிந்துகொள்ள அந்த இரண்டு வாக்குகளை விடச் சிறந்த சான்று வேறு எது இருக்க முடியும்?

இல்லினாயில் மைக்கேல் மேடிகன் 1983இலிருந்து 2021 வரை, இடையில் இரண்டாண்டுகள் தவிர, அவைத் தலைவராக இருந்தார். அவருடைய நம்பிக்கைக்குரியவர்கள் அமர்ந்த விதிகள் குழுவைத் தாண்டாமல் மசோதாக்கள் அவைக்கு வருவது அரிது. தங்கள் தொகுதியில் நேர்மையைப் பற்றிப் பேசிய உறுப்பினர்கள் பலர், இரண்டாண்டுக்கு ஒருமுறை அவரைத் தலைவராக்க வாக்களித்தார்கள்; அதன்பின் அந்தக் கூட்டத்தொடரில் அவர்கள் ஆதரித்த சீர்திருத்த மசோதாக்கள் குழுவிலேயே கிடந்தன. 2021 ஜனவரியில் அவருடைய கட்சியிலேயே போதுமானவர்கள் ஆதரவளிக்க மறுத்ததால் அவர் பதவியை இழந்தார். 2025 பிப்ரவரியில் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு முடிவதற்கு நான்காண்டுகள் முன்பே, தன் குழுப் பொறுப்பையும் தேர்தல் நிதியையும் இழக்க நேரிடலாம் என்று தெரிந்தே அவருக்கு வாக்களிக்க மறுத்தவர்களின் செயலை, பத்து நன்னடத்தை மசோதாக்களுக்கு அளித்த ஆதரவைக் காட்டிலும் உயர்வாக நான் மதிக்கிறேன்.

ஒஹாயோவில் லாரி ஹவுஸ்ஹோல்டரின் விவகாரத்திலும் இதே அளவுகோல் பயன்படும். அணுமின் நிலையங்களுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் உதவி வழங்கிய 2019ஆம் ஆண்டின் சட்டத்துக்காகச் சுமார் ஆறு கோடி டாலர் மறைமுகப் பணம் பாய்ந்த வழக்கில், அவைத் தலைவராக இருந்த அவர் 2020 ஜூலையில் கைதானார். தலைவர் பதவியிலிருந்து அவரை ஒருமனதாக நீக்கிய அவை, உறுப்பினர் பதவியிலிருந்து நீக்க 2021 ஜூன் வரை எடுத்துக்கொண்டது; 75 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். தீர்ப்பு வரும்முன் நீக்குவது முறையல்ல என்பது எதிர்த்தவர்கள் முன்வைத்த வாதம். அதை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் அவர் இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற பிறகு, மறைமுகப் பணத்தின் மூலத்தை வெளியிடச் செய்யும் மசோதாக்களுக்கு அந்த 21 பேர் ஆதரவு அளித்தார்களா என்பதே அவ்வாதம் நேர்மையானதா என்பதைச் சொல்லும்.

மக்கள் நேரடியாக நிறைவேற்றிய சட்டத்தை உறுப்பினர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையும் தவறாமல் பார்க்கிறேன். தெற்கு டகோட்டாவில் 2016 நவம்பரில் வாக்காளர்கள் ஒரு விரிவான சீர்திருத்தச் சட்டத்தை ஏற்றார்கள்: நன்னடத்தை ஆணையம், பரப்புரையாளர் பரிசுகளுக்கு ஆண்டுக்கு நூறு டாலர் வரம்பு, தேர்தலுக்குப் பொது நிதி ஆகியவை அதில் இருந்தன. சில உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றார்கள்; 2017 பிப்ரவரி தொடக்கத்தில் சட்டமன்றம் அதை முழுவதும் ரத்து செய்தது. ரத்து மசோதாவோடு, அதை உடனடியாக நடைமுறைக்குக் கொண்டுவரும் அவசர நிலைப் பிரிவு இணைக்கப்பட்டிருந்ததால், அதை எதிர்த்து மக்கள் மீண்டும் வாக்கெடுப்புக் கோரும் வழியும் அடைக்கப்பட்டது. மூலச் சட்டத்தில் அரசமைப்புக் குறைகள் இருந்தன என்று உறுப்பினர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். குறையைத் திருத்துவது வேறு, வாக்காளர்களின் கையைக் கட்டிவிட்டு முழுவதையும் அகற்றுவது வேறு. அதே கூட்டத்தொடரில் மாற்றாக வந்த மசோதாக்களில், குறிப்பாக ஒரு பொறுப்புடைமை வாரியத்தை அமைத்த சட்டத்தில், ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார், அந்த வாரியத்துக்கு வலுவூட்டும் பிந்தைய முயற்சிகளில் என்ன செய்தார் என்பதையும் சேர்த்தே ரத்து வாக்கை மதிப்பிட வேண்டும்.

எல்லாக் கேள்விகளுக்கும் என்னிடம் விடை உண்டு என்று நான் சொல்லவில்லை. நெப்ராஸ்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 49 உறுப்பினர்கள் மட்டுமே கொண்ட ஓரவைச் சட்டமன்றம் அது. 1937 முதல் இயங்குகிறது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. அவ்வளவு திறந்த அவையில் குழுத் தலைவர்களை மட்டும் ரகசிய வாக்கின் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை வெளிப்படையாக்க வேண்டும் என்பது சீர்திருத்தமா? கோட்பாட்டளவில் ஆம். ஆனால் கட்சித் தலைமையின் மிரட்டலுக்கு அஞ்சாமல், தகுதியை மட்டும் பார்த்து எதிர்க்கட்சிக்காரரையும் குழுத் தலைவராக்கும் மரபு அந்த ரகசியத்தினால்தான் பிழைத்திருக்கிறது என்பவர்களின் வாதத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. பதவிக்கால வரம்பும் இப்படிப்பட்டதே: பழந்தலைவர்களை அது அகற்றுகிறது, ஆனால் அனுபவமற்ற உறுப்பினர்கள் பரப்புரையாளர்களின் அறிவை நம்பியிருக்கவும் செய்கிறது. கலிபோர்னியாவே 1990இல் விதித்த கடுமையான வரம்பை 2012இல் மாற்றி, மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரே அவையில் கழிக்கலாம் என்று தளர்த்தியது. இத்தகைய பொருள்களில் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதற்கு நான் மதிப்பெண் தருவதில்லை. அவர் சொன்ன காரணத்தை மட்டும் வாசிக்கிறேன்.

இதனால்தான் அமைப்புகள் வெளியிடும் மதிப்பெண் அட்டைகளைத் தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் நடக்கும் வாக்கெடுப்புகளில் சிலவற்றை ஓர் அமைப்பு தேர்ந்தெடுக்கும்போதே அதன் கருத்தும் உள்ளே வந்துவிடுகிறது. ஒருமனதாக நிறைவேறிய மசோதாக்களைச் சேர்த்தால் எல்லாருடைய சதவீதமும் உயர்ந்து தெரியும். வராத நாட்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால் மௌனம் காத்தவருக்குச் சாதகமாகும். தொண்ணூறு சதவீதம் என்ற எண்ணைக் கண்டால், மீதிப் பத்து எந்த வாக்குகள் என்று பார்க்க வேண்டும். சில நேரங்களில் அவருடைய தலைமை உண்மையாகவே வற்புறுத்திய வாக்குகள் அந்தப் பத்தில்தான் இருக்கின்றன.

பதிவை வாசித்து முடித்ததும் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுவதை வழக்கமாகக் கொள்ளுங்கள். ‘நீங்கள் சீர்திருத்தத்தை ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டால் ஆம் என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. ஒரு மசோதாவின் எண்ணையும் நாளையும் குறிப்பிட்டு, அன்று ஏன் வாக்களிக்கவில்லை என்றோ, அந்தத் திருத்தத்தை ஏன் எதிர்த்தீர்கள் என்றோ கேளுங்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் சிறியது. தொகுதிவாசி ஒருவர் குறிப்பாகக் கேட்ட கேள்வி பல நேரங்களில் உறுப்பினரின் மேசைக்கே போய்ச் சேரும். வரும் விளக்கம் ஏற்கத்தக்கதாக இருந்தால் என் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

முதன்முறையாகப் போட்டியிடுபவர்களுக்குப் பதிவே இல்லை என்பதால் இந்த முறை அவர்களிடம் பயன்படாது என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களிடம் தேர்தலுக்கு முன்பே கேட்கத்தக்க கேள்வி ஒன்று இருக்கிறது: ஜனவரியில் அவை கூடும்போது தலைவர் பதவிக்கு யாருக்கு வாக்களிப்பீர்கள், அவர் கொண்டுவரும் அவை விதிகளில் எதை மாற்றக் கோருவீர்கள்? நகராட்சி மன்றத்திலோ பள்ளி வாரியத்திலோ இருந்தவராக இருந்தால் அங்கே அவர் அளித்த வாக்குகளின் பதிவும் பொதுவில் இருக்கும். அவர் வென்றுவிட்டால், பதவியேற்ற சில நாட்களிலேயே விதிகளுக்கான வாக்கெடுப்பு வந்துவிடுகிறது. அதன் பெயர்வாரிப் பட்டியலை அவையின் குறிப்பேட்டில் தேடி எடுத்து, அவர் தந்த பதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.